பெயரைக் கூப்பிட்டால் எழுந்திருப்பவள்

கல்லுமலைத் தோட்டம்,
அலோர் காஜா.
6-3-1994

மகள் தேவமலருக்கு,

நலம் என்று ஆரம்பித்தால் முதல் வரியிலேயே பொய் சொன்னதாகிவிடும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணம் முடிந்து இரண்டு வருஷமாக நீ எனக்கு ஒரு வரி போடவில்லை. நானும் போடவில்லை. வீம்பில் நீ என் வளர்ப்புத்தானே, குறை சொல்லி என்ன ஆகப்போகிறது.

எனக்கு நெஞ்சில் கோளாறு. களைக்கு மருந்தடிக்கிற பம்பை முதுகில் ஏற்றிக்கொண்டு நாலு மரம் தாண்டுவதற்குள் மூச்சு முட்டுகிறது. கால் இரண்டும் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. தோட்டத்து டிரஸர் வாயு என்று வெள்ளை மருந்து கொடுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். இதயம் ஊதித் தளர்ந்துபோய்விட்டது, இனிமேல் வேலையை நினைத்துக்கூடப் பார்க்காதே என்று சொல்லிவிட்டார்கள். வேலை இல்லையென்றால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் இல்லை. அது உனக்குத் தெரியும்.

சம்பளத்தில் சொக்சோவுக்கு என்று பிடித்தார்களே, அதிலிருந்து உடம்பு முடியாமல் போனவர்களுக்கு மாதாமாதம் பென்ஷன் உண்டாம். ஆபீஸில் இருக்கிற நல்லமுத்துதான் சொல்லி, விண்ணப்பப் பாரமும் நிரப்பிக் கொடுத்தான். ஆனால் ஐம்பத்தைந்து வயது முடிவதற்குள் கேட்டுவிட வேண்டுமாம். கார்டுப்படி எனக்கு ஆகஸ்டில் ஐம்பத்தைந்து. சிரிப்பாக இருக்கிறது, இல்லையா?

கார்டில்தான் சிக்கல். அந்தப் பழைய ஐ.சி. அடையாளக் கார்டை நான் மாற்றவே இல்லை. படம் வெளுத்து, முகம் இருந்த இடம் மட்டும்தான் இருக்கிறது. சொக்சோ ஆபீஸில் இருந்த மலாய்க்காரப் பையன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இது யாராக வேண்டுமானாலும் இருக்கலாம் மாச்சிக் என்றான். அதனால் உன் பிறப்புப் பத்திரம் வேண்டும். இவள்தான் என் அம்மா குஞ்சம்மா என்று சத்தியப் பத்திரக் கமிஷனர் முன்னால் நீ சத்தியம் செய்து ஒரு பத்திரமும் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் 'குஞ்சம்மா' என்று கூப்பிடும்போதெல்லாம் எனக்கு முன்னால் வேறு ஒருத்தி எழுந்திருக்கிறாள். சேலை உரசுகிற சத்தம் கேட்கிறது. அவள் போகட்டும் என்று கொஞ்சம் பொறுத்துத்தான் நான் எழுகிறேன். காது கேட்காதா என்று நர்ஸ் மிஸ்ஸி திட்டுகிறாள்.

பதில் போடு.

அம்மா


புக்கிட் ரம்பாய்,
மலாக்கா.
20-3-1994

சித்திக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உடம்புக்கு முடியவில்லை என்று படித்து வருத்தப்பட்டேன். அது உண்மை.

ஆனால் கடைசியில் 'அம்மா' என்று கையெழுத்துப் போட உங்களுக்கு எப்படி மனசு வந்தது? நீங்கள் குஞ்சம்மா இல்லை. குஞ்சம்மாவின் தங்கை சுப்பம்மா. இது எனக்கு எப்போது தெரிந்தது? என் கல்யாணத்துக்கு முதல் நாள். மூலையில் விளக்கு ஏற்றி, பாக்கு நிறத்தில் ஒரு புதுச் சேலையை மடித்து வைத்து, பூப்போட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். பூவாடைக்காரிக்கு என்றீர்கள். சுமங்கலியாகச் செத்துப்போன பொம்பளையைத்தானே கல்யாணத்துக்கு முன்னால் அப்படிக் கூப்பிடுவார்கள், நம் வீட்டில் யார் அப்படிச் செத்தது என்று கேட்டேன். நீங்கள் அழுதீர்கள். கூப்பிட்டு வைத்து நான் குடைந்த பிறகுதான், 'உன்னைப் பெத்தவ, எங்க அக்கா குஞ்சம்மா. நான் சுப்பம்மா' என்று ஒரு வரி வந்தது. அதற்கு மேல் இன்றுவரை ஒன்றும் வரவில்லை.

மறுநாள் மேடையில் பெற்றவர்கள் காலில் விழச் சொன்னார்கள். உங்கள் காலில் விழுந்தேன். அம்மா காலில் விழுகிறோமா, சித்தி காலில் விழுகிறோமா என்று தெரியாமலே விழுந்தேன்.

இப்போது என் அம்மா உயிரோடு இருக்கிறாள் என்று சத்தியம் செய்யச் சொல்கிறீர்கள். அவள் செத்ததற்கு நான் இன்னும் அழக்கூட இல்லை. எப்படிச் செத்தாள், எங்கே புதைத்தீர்கள், அதுகூட எனக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல் என்னிடம் பத்திரம் கேட்காதீர்கள்.

பணம் தேவையென்றால் அனுப்பலாம் என்கிறார் என் வீட்டுக்காரர் விமலன். அவர் நல்லவர், அதனால் சொல்கிறார்.

தேவமலர்


கல்லுமலைத் தோட்டம்
3-4-1994

தேவமலருக்கு,

உனக்குக் கோபம் இருந்தால் கடிதத்துக்கு உள்ளே எழுது. உறை மேல் எழுதாதே. 'சுப்பம்மா, கல்லுமலைத் தோட்டம்' என்று எழுதி அனுப்பியிருக்கிறாய். நல்லமுத்து அதைக் கையில் வைத்துக்கொண்டு, “சுப்பம்மான்னு இங்க யாரும் இல்லையே, திருப்பி அனுப்பிடவா?” என்று ஆபீஸ் வாசலில் எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தான். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? என் தங்கச்சி, செத்துப் பல வருஷம் ஆகிறது, பிள்ளை ஞாபக மறதியாக எழுதிவிட்டாள் என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன். வீடு வந்து சேர்வதற்குள் நெஞ்சு அடித்துக்கொண்டது.

நீங்கள் என்று வேறு எழுதியிருக்கிறாய், பள்ளிக்கூட வாத்தியாருக்கு லீவு லெட்டர் எழுதுகிற மாதிரி. சரி. கேட்டாய், சொல்கிறேன். இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

அப்போது நாங்கள் ஆற்றங்கரைத் தோட்டத்தில் இருந்தோம். அக்கா பிறந்ததை எங்கள் அப்பா ஒழுங்காகப் பதிந்திருந்தார். நான் பிறந்தது ஜப்பான்காரன் இருந்த காலத்தின் கடைசியில். சோற்றுக்கே வழியில்லாத நாளில் பிள்ளையைப் பதிய யார் போவார்கள்? அதனால் அக்காவுக்குக் குடியுரிமை உள்ள நீல ஐ.சி., எனக்கு அது இல்லாத சிவப்பு. அதில் ஒரு வித்தியாசமும் எங்களுக்குத் தெரியவில்லை, அறுபத்தொன்பது வரைக்கும். அந்த வருஷம்தான் சிவப்புக்காரர்களுக்கு வொர்க் பெர்மிட் இல்லாமல் வேலை இல்லை என்று வந்தது. உன் அப்பா சின்னத்தம்பிக்கும் சிவப்புதான். நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறினார். பெர்மிட் விஷயம் சரியானதும் வந்துவிடுவேன் என்றார். அப்போது நீ அக்கா வயிற்றில். போனவர் போனவர்தான்.

நீ பிறந்தாய். பிள்ளை பெற்றவளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவோமே, அந்த நாள் வரைக்கும் அக்கா நிற்கவில்லை. காய்ச்சல். டிரஸர் அப்படித்தான் எழுதினார்.

எனக்கும் பெர்மிட் கிடைக்கவில்லை. அந்த மாசக் கடைசியில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். கையில் நீ. போலீசில் சாவைப் பதியப் போவதற்கு முன்னால் ஆபீஸ் கணக்கர் முனுசாமி கிராணி இரண்டு கார்டையும் மேஜையில் வைத்தார். அவர் சத்தம்போட்டுப் பேசாத மனுஷன்.

“செத்தவளுக்கு நீலம் எதுக்கும்மா? சிவப்பக் குடுத்துருவோம். நீலத்த நீ வச்சுக்க. புள்ளைக்கு ஒரு அம்மா வேணும்லா.”

அவ்வளவுதான். அன்றைக்குச் செத்தது சுப்பம்மா. நமக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லாத இந்தத் தோட்டத்துக்கு ஒரு கடிதம் கொடுத்து லோரியில் ஏற்றிவிட்டார். லோரி பாலம் தாண்டும்போது அக்காவின் தாலியை நானே என் கழுத்தில் போட்டுக்கொண்டேன். எனக்கு ஒரு கல்யாணம் ஆகவில்லை என்று எப்போதாவது நினைத்துப் பார்த்திருக்கிறாயா? நினைத்திருக்க மாட்டாய்.

எங்கே புதைத்தீர்கள் என்று கேட்கிறாய். நீ போகாத இடம் இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் பஸ் ஏறுவேனே, சுப்பம்மா சித்திக்குப் பூ போடு என்பேனே, அதுதான் உன் அம்மா. சிமெண்டில் இருக்கிறது என் பெயர்.

இதற்கு மேல் என்னால் எழுத முடியாது. சத்தியம் செய்வதும் செய்யாததும் உன் இஷ்டம்.


புக்கிட் ரம்பாய்
24-4-1994

சித்திக்கு,

கடிதத்தை அடுப்பில் போடவில்லை. போட முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை விமலனோடு ஆற்றங்கரைக்குப் போனேன். ரப்பர் போய்விட்டது, எல்லாம் செம்பனை. அந்தச் சிமெண்டுப் பலகை இருக்கிறது. ஆணியால் கீறிய எழுத்து, 'சுப்பம்மா'. எட்டு வயதில் நான் அதன் மேல் உட்கார்ந்து ரொட்டி தின்றிருக்கிறேன். செத்துப்போன சித்திதானே, என்ன சொல்லப்போகிறாள் என்று. நீங்கள் கூட ஒன்றும் சொல்லவில்லை. உட்காரட்டும் விடு என்று விட்டுவிட்டீர்கள். அது இப்போதுதான் புரிகிறது, அவள் மடியில் உட்காரட்டும் என்று விட்டிருக்கிறீர்கள்.

அங்கே எனக்கு அழுகை வரவில்லை. யாருக்காக அழுவது என்று குழப்பமாக இருந்தது. உங்கள் பெயரைப் பார்த்துக்கொண்டு அவளுக்கு அழ வேண்டும். விமலன்தான் அழுதார்.

உங்கள் மேல் கோபம் குறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சத்தியம் செய்ய மாட்டேன் என்று இப்போது சொல்லவில்லை. யோசிக்கிறேன்.

இன்னொரு செய்தி. எனக்கு மூன்று மாதம் முடிந்துவிட்டது. கிளினிக்கில் கார்டு போட்டுவிட்டார்கள். அம்மா இருக்கிறாங்களா, அவங்களுக்குப் பிரசவத்தில் ஏதாவது கஷ்டம் இருந்ததா என்று மிஸ்ஸி கேட்டாள். இருக்கிறாங்க, ஒரு கஷ்டமும் இல்லை என்று சொல்லிவிட்டேன். இருபத்தைந்து வருஷப் பழக்கம், வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. வெளியே வந்து படியில் நின்றபோதுதான் உறைத்தது.

அது என்ன காய்ச்சல்?

தேவமலர்


கல்லுமலைத் தோட்டம்
2-5-1994

என் கண்ணு தேவமலருக்கு,

வயிற்றுப்பிள்ளையோடு யாராவது சுடுகாட்டுப் பக்கம் போவார்களா? உனக்குத்தான் புத்தியில்லை, அந்த விமலனுக்கு எங்கே போயிற்று? வந்ததும் தலைக்குக் குளித்தாயா? வேப்பிலை செருகிக்கொண்டாயா? இனிமேல் அந்தப் பக்கம் கால் வைக்காதே. பெற்ற அம்மாவாக இருந்தாலும் சரி.

திட்டி முடித்துவிட்டேன். இப்போது சந்தோஷத்தைச் சொல்கிறேன். கடிதத்தைப் படித்துவிட்டு, பக்கத்து வீட்டு சாந்திக்குச் சீனி கொடுத்தேன். அவள் என்ன விசேஷம் என்றாள். பாட்டியாகப் போகிறேன் என்றேன். சொல்லிவிட்டு உள்ளே வந்து, யார் பாட்டி என்று நானே உட்கார்ந்து யோசித்தேன்.

என்ன காய்ச்சல் என்று எனக்குத் தெரியாது. பிள்ளை பெற்ற காய்ச்சல் என்பார்கள். நீ அதையெல்லாம் நினைக்காதே, நல்லதை நினை.

அக்கா முகம் எனக்கு மறந்துபோய்விட்டது மலர். கண்ணாடியில் பார்த்தால் நான். கார்டில் பார்த்தால் வெறும் வெள்ளை. கனவிலும் முதுகைத்தான் காட்டுகிறாள். ஆஸ்பத்திரியில் எனக்கு முன்னால் எழுந்து போகிறாளே, அப்போதும் முதுகுதான். பெயரைத் திருப்பிக் கேட்கத்தான் வருகிறாள் என்று நினைக்கிறேன். கேட்டால் கொடுத்துவிட வேண்டியதுதான், அவளுடையதுதானே. பென்ஷன் வரும்வரை பொறுத்துக்கொள்ளேன் என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.

சாந்தி தன் வீட்டிலிருந்து, யாரோடு பேசுகிறாய் என்று கேட்டாள். பூனையோடு என்றேன். பூனை ஏது நம் வீட்டில்.

அம்மா என்று எழுதவில்லை. நீயே எதையாவது வைத்துக்கொள்.


புக்கிட் ரம்பாய்
22-5-1994

சித்திக்கு,

இதனோடு சத்தியப் பத்திரமும் என் பிறப்புப் பத்திரத்தின் நகலும் இருக்கின்றன. நல்லமுத்துவிடம் கொடுத்து இந்த வாரமே அனுப்பச் சொல்லுங்கள்.

கமிஷனர் ஆபீஸ் பண்டாரில், டவுனுக்குள்ளே, ஒரு துணிக்கடைக்கு மேலே இருக்கிறது. வயதான ஒரு சீனர். பத்திரத்தை வாசித்துக் காட்டி, இதெல்லாம் உண்மைதானே என்றார். பொய் சொன்னால் ஜெயில் என்பதையும் சொன்னார். கல்லுமலைத் தோட்டத்தில் வசிக்கும் குஞ்சம்மா என்னைப் பெற்ற தாய், உயிரோடு இருக்கிறார். உண்மை என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. கையெழுத்துப் போடும்போது பிள்ளை முதல்தடவை அசைந்தது.

கீழே இறங்கியதும் விமலன் ஏதாவது சாப்பிடலாம் என்று கிளேபாங்குக்குக் கூட்டிப்போனார். கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் இறங்கவில்லை. உங்களுக்கு நல்லது செய்த மாதிரியும் இருந்தது, அவளை இன்னொரு தடவை குழிக்குள் தள்ளி மூடிய மாதிரியும் இருந்தது.

எனக்கு ஒன்று செய்து கொடுங்கள். அவளுக்குக் கருமாதி செய்யவில்லை, திதி கொடுத்ததில்லை. இத்தனை வருஷமும் உங்கள் பெயரைச் சொல்லித்தான் பூப்போட்டிருக்கிறோம். ஒரே ஒரு தடவை அங்கே போய், அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஒரு படையல் போடுங்கள். என்னைத்தான் வரக்கூடாது என்று சொல்லிவிட்டீர்கள்.

தேவமலர்


கல்லுமலைத் தோட்டம்
10-7-1994

மலர்,

இதை நல்லமுத்து கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். தபாலை நம்பிக்கொண்டிருக்க முடியாது. படித்ததும் உடனே கிளம்பு.

வெள்ளிக்கிழமை சொக்சோ டாக்டர்கள் என்னைப் பார்த்தார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். அதில் ஒரு தமிழ் டாக்டரம்மா. குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா, கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டார். ஒரு தங்கச்சி, செத்துட்டா என்றேன். பேர் என்ன என்றார். சுப்பம்மா என்றேன். என் வாயாலேயே என்னைச் சாகக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

எப்படிச் செத்தாள் என்றார். காய்ச்சல் என்றேன். அவர் விடவில்லை. பிள்ளை பெற்ற பிறகா, கால் வீங்கியதா, படுக்க முடிந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்கக் கேட்க எனக்கு எல்லாம் திரும்பி வந்தது மலர். அக்காவுக்கு உடம்பு சுடவே இல்லை. சில்லென்றுதான் இருந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் என் கால் இப்போது இருக்கிறதே, அதே மாதிரி. டிரஸர் வாசலில் நின்றபடியே பார்த்துவிட்டுக் காய்ச்சல் என்று எழுதினார். எழுதினதை நானும் நம்பி, பார்த்ததை மறந்துவிட்டேன்.

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார்.

“இது உங்க ரெத்தத்துல வர்றதும்மா. பிள்ளை பெறும்போது தெரியாம வந்து ஆளைக் கொண்டுபோயிரும். உங்க மகளுக்கு இன்னும் குழந்தை இல்லல்ல?”

ஆறு மாதம் என்றேன். உடனே நெஞ்சு டாக்டரிடம் காட்டச் சொன்னார். பிரசவத்தைப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் வைக்க வேண்டுமாம்.

உன் கிளினிக் கார்டில் அம்மாவுக்குக் கஷ்டம் ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறது. அதை மாற்று. என் அம்மா என்னைப் பெற்று, இப்படித்தான் மூச்சு முட்டிச் செத்தாள் என்று சொல். கேட்டால் பெயரையும் சொல். எல்லாம் ஒரே கவர்மெண்டு, கிளினிக்கில் சொன்னது சொக்சோவுக்குப் போகத்தான் செய்யும், அது எனக்குத் தெரியும். பென்ஷன் போனால் போகட்டும். வீடு போனால் கோயில் மண்டபத்தில் படுத்துக்கொள்கிறேன். போலீஸ் வந்தால், நான்தான் அந்தப் பிள்ளையை மிரட்டிக் கையெழுத்து வாங்கினேன் என்று சொல்லிவிடுவேன். நீ வாயைத் திறக்காதே.

அக்காவைக் காப்பாற்ற அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. போ, இன்றைக்கே போ.


புக்கிட் ரம்பாய்
24-7-1994

சுப்பம்மா சித்திக்கு,

போனேன். முதலில் உன்னைக் காட்டிக்கொடுக்காமல் சமாளிக்கலாம் என்றுதான் பார்த்தேன். என் சித்தி பிள்ளை பெற்றதும் நெஞ்சு நோயில் செத்துட்டாங்க என்றேன். மிஸ்ஸி எழுதவே இல்லை. “சித்தி கதையெல்லாம் இங்க எழுத இடமில்லம்மா. அம்மாவைச் சொல்லு.” அம்மா நல்லா இருக்காங்கன்னு முன்னாடியே போட்டிருக்கே என்று கார்டை மூடப் போனாள்.

என் அம்மா செத்துட்டாங்க என்றேன்.

அவள் கார்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஏப்ரலில் இருந்தாங்களே, எப்ப செத்தாங்க என்றாள். என்னைப் பெத்த அதே வாரத்தில் என்றேன். பின்னால் வரிசையில் இருந்த பொம்பளைகள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு அங்கேதான் அழுகை வந்தது. சிமெண்டுப் பலகையிடம் வராத அழுகை. நிறுத்தவே முடியவில்லை சித்தி. மிஸ்ஸி எழுந்து வந்து என் தலையை அவள் வயிற்றில் சாய்த்துக்கொண்டாள். பழைய வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். பெயர் கேட்கவில்லை. சொக்சோவுக்குச் சொல்ல அவளுக்கு நேரமும் இல்லை, நீ பயப்படாதே.

பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்குள் படம் பிடித்துப் பார்த்தார்கள். எனக்கும் ஆரம்பித்திருக்கிறது. இன்னும் கொஞ்சம்தான், இப்போதே தெரிந்தது நல்லது என்கிறார்கள். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். கடைசி மாதம் முழுக்க வார்டில் இருக்க வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. விமலனிடம் சொல்லவில்லை, அவர் தாங்க மாட்டார்.

கமிஷனரிடம் அவள் உயிரோடு இருக்கிறாள் என்றேன். கிளினிக்கில் செத்துவிட்டாள் என்றேன். இரண்டும் என் வாய்தான். எது பொய் என்று கேட்டால் இப்போது எனக்குச் சொல்லத் தெரியாது. உன்னை 'நீ' என்று எழுதியிருக்கிறேன், இப்போதுதான் கவனித்தேன். அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

தேவமலர்


கல்லுமலைத் தோட்டம்
18-9-1994

என் தங்கம் மலருக்கு,

பென்ஷன் கிடைத்துவிட்டது. கடிதம் 'குஞ்சம்மா' என்ற பெயருக்கு வந்திருக்கிறது. நல்லமுத்து படித்துச் சொன்னதும், அவன் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷத்தில் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தான். சந்தோஷம்தான். இனிமேல் சாகும்வரைக்கும் அவள்தான் எனக்குச் சோறு போடப்போகிறாள் என்ற எண்ணம்தான் தாங்கவில்லை.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். சாந்தியைத் துணைக்கு அழைத்துப்போய், அவளைப் பஸ் ஸ்டாப்பிலேயே நிறுத்திவிட்டு நான் மட்டும் மெதுவாக நடந்தேன். கோலா சுங்கை பாருவிலிருந்து வந்த கருவாடு வாங்கிக் குழம்பு வைத்திருந்தேன், அக்காவுக்கு அதுதான் உயிர். உன் கல்யாணத்தில் வைத்த சேலையையும் எடுத்துப்போனேன். இலை போட்டு, சூடம் ஏற்றி, “அக்கா, குஞ்சம்மாக்கா” என்று கூப்பிட்டேன். அந்தப் பெயரை இன்னொருத்தியைக் கூப்பிட நான் சொல்லி எத்தனை காலம். பெயர் கூப்பிடும்போதெல்லாம் 'இந்தா வர்றேன்' என்று எழுந்தே பழகிவிட்டேன். கூப்பிட்டுவிட்டு நின்றேன். செம்பனை மட்டை கூட அசையவில்லை. அவள் அங்கே இல்லை மலர்.

இங்கேயும் இல்லை. பாங்க் கணக்கு திறக்க அலோர் காஜாவுக்குப் போயிருந்தேன். பெயரைக் கூப்பிட்டார்கள். வழக்கம்போல அவள் எழுந்து போகட்டும் என்று காத்திருந்தேன். இரண்டாம் தடவையும் கூப்பிட்டார்கள். சேலைச் சத்தம் இல்லை. பக்கத்து நாற்காலியைத் தடவிப் பார்த்தேன். பிறகு நானே எழுந்து போனேன்.

எங்கே போயிருப்பாள் என்று வீட்டுக்கு வந்து யோசித்தேன். உன் வார்டுக்குத்தான் போயிருப்பாள். பார்த்தால் பயப்படாதே. அவள் பெயரைக் கேட்க வரவில்லை, நான்தான் தப்பாக நினைத்துவிட்டேன். உனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரைக்கும் அங்கேயே இருக்கட்டும்.

எனக்கு இப்போது கட்டிலை விட்டு இறங்கவே மூச்சு வாங்குகிறது. வர முடியவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. பிழைத்து வா. எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

சித்தி


புக்கிட் ரம்பாய்
30-10-1994

சுப்பம்மா அம்மாவுக்கு,

நேற்று எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். விமலனின் அம்மா ஊற்றினார். முதல் செம்பு தலையில் விழுந்ததும், நான் இருக்கிறேன், இருக்கிறேன் என்று சத்தமாகச் சொன்னேனாம். எனக்கு ஞாபகமில்லை.

பெண் குழந்தை. நன்றாக இருக்கிறாள். பெற்ற மறுநாள் எனக்கு மூச்சு முட்டியது. படுக்க முடியவில்லை, எழுந்து சாய்ந்து உட்கார்ந்தேன், அவள் உட்கார்ந்த மாதிரியேதான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். டாக்டர்கள் தயாராகத்தான் இருந்தார்கள். கார்டைப் பார்த்ததுமே ஓடிவந்துவிட்டார்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் நான் இல்லை என்று பெரிய டாக்டர் சொன்னார். இனிமேல் பிள்ளை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். பரவாயில்லை, ஒன்று போதும்.

அந்த மறுநாள் நடந்ததை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். மூக்கில் குழாய் வைத்திருந்தார்கள், கண்ணைத் திறக்கத் தெம்பில்லை. மிஸ்ஸி வார்டு வாசலில் நின்று, தேவமலரோட அம்மா யாரு, உள்ள வாங்க என்று கூப்பிட்டாள். நீ கல்லுமலையில் இருக்கிறாய், விமலனின் அம்மா வீட்டுக்குப் போயிருந்தார். யாரும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். என் பக்கத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. யாரோ எழுந்தார்கள். சேலை உரசியது, நீ எழுதியிருந்த மாதிரியே. எனக்குப் பயமே வரவில்லை அம்மா. தூங்கிவிட்டேன்.

நேற்றுக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும், அவளிடம் போய் வா என்று சொன்னேன். இனி உன் பக்கம் வருவாளோ என்னவோ. வந்தால் உட்காரச் சொல், திட்டாதே.

அந்த வீட்டை ஆபீஸில் ஒப்படைத்துவிடு. ஞாயிற்றுக்கிழமை விமலன் வேன் எடுத்துக்கொண்டு வருகிறார். முன்சீட்டில் உட்கார்ந்து வா, மூச்சுக்கு நல்லது. இங்கே வந்து என் மகளை மடியில் போட்டுக்கொள். அவளுக்கு நீ யார் என்று கேட்டால் நானே சொல்லிக்கொள்கிறேன், முதல் நாளிலிருந்தே, எல்லாவற்றையும்.

நல்லமுத்து கையில் போகும் என்பதால் உறை மேல் குஞ்சம்மா என்றுதான் எழுதியிருக்கிறேன். உள்ளே இருப்பது உன் பெயர்.

உன் மகள்,
தேவமலர்